மலைப்பாதை ஓட்டக்காரர்களுக்கான காயத்தடுப்புப் பொருள்கள்: ஒரு மதிப்புரை

மலைப்பாதைகளிலும் காட்டுப்பாதைகளிலும் பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்கென்று விற்கப்படும் பொருள்களில் பெரும்பகுதி வலிக்கு அஞ்சியோ, வலி வந்த பிறகோதான் வாங்கப்படுகிறது. கணுக்கால் பிரேஸ், முழங்கால் பட்டை, ஃபோம் ரோலர், இறுக்கமான காலுறை, வண்ண டேப், ஐஸ் பை, வலிநிவாரண ஜெல், இன்சோல், ஊன்றுகோல் என்று அந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. இவற்றுள் ஏறக்குறைய எல்லாவற்றையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளையும் தொடர்ந்து படித்துவருகிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் நுணுக்கங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு வகைப் பொருளும் தான் செய்வதாகச் சொல்லும் வேலையை உண்மையில் செய்கிறதா என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. ஓட்டத்தில் வரும் பெரும்பாலான காயங்கள், ஒரு திசுவின் மேல் விழும் சுமை அதன் தாங்குதிறனை மீறும்போது உண்டாகின்றன. அந்த மீறல் கால் பிசகும் ஒரே கணத்தில் நேரலாம். வாரக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்தும் நேரலாம். ஆகவே காயத்தைத் தடுக்கும் என்று விற்கப்படும் ஒரு பொருள், சுமையைக் குறைக்க வேண்டும் அல்லது தாங்குதிறனைக் கூட்ட வேண்டும். இரண்டையும் செய்யாமல் வலியை மட்டும் அடக்கும் பொருளுக்கும் ஓய்வு நாளில் ஓர் இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடும்போது அதற்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த அளவுகோலின்படி நான் முதலிடம் தருவது, கயிறு கட்டி இறுக்கும் வகைக் கணுக்கால் பிரேஸுக்கு. வேரும் கல்லும் நிறைந்த பாதையில் கணுக்கால் சுளுக்கைவிட அதிகமாக அஞ்ச வேண்டிய திடீர்க் காயம் வேறு இல்லை. பாதம் உட்புறமாக மடங்கும்போது கணுக்காலின் வெளிப்பக்க இணைப்புநார்கள் இழுபடுகின்றன. அவற்றுள் முன்பக்கமாக அமைந்து, கணைக்காலின் வெளிப்புற எலும்பான ஃபிபுலாவை அதற்குக் கீழே கணுக்கால் மூட்டில் உள்ள தாலஸ் எலும்போடு பிணைக்கும் நாரே பெரும்பாலும் முதலில் கிழிகிறது. ஒரு முறை சுளுக்கிய கணுக்கால் மறுபடியும் சுளுக்குவதற்கான வாய்ப்பு, சுளுக்கே காணாத கணுக்காலைவிட மிகக் கூடுதல். பிரேஸின் பயன் சரியாக இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. முன்பே சுளுக்கியவர்களிடம் மறு சுளுக்கைக் குறைக்க பிரேஸும் விளையாட்டு டேப்பும் உதவுவது, கூடைப்பந்து, கால்பந்து முதலிய விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டிருக்கிறது. ஒரு முறையும் சுளுக்காத காலுக்கு அதே அளவு பயனை எதிர்பார்க்க இயலாது. அத்தகையவர்கள் இந்தப் பொருளை வாங்க அவசரப்பட வேண்டியதில்லை.

பிரேஸ்களில் மூன்று வகைகள் பொதுவாகக் கிடைக்கின்றன. மீள்துணியால் ஆன உறை போன்ற வகை அணிவதற்கு எளிது. கணுக்காலுக்கு வெதுவெதுப்பையும் ஒரு பிடிமான உணர்வையும் தரும். ஆனால் பாதம் மடங்குவதைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. இருபுறமும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு கொண்ட வகை மடங்குவதை நன்றாகத் தடுக்கிறது. எனினும் நீண்ட இறக்கங்களில் கணுக்கால் எலும்பின் மேல் உரசிப் புண்ணாக்குகிறது, ஷூவுக்குள்ளும் எளிதில் நுழைவதில்லை. கயிறும் குறுக்குப் பட்டைகளும் கொண்ட நடுத்தர வகை, பாதம் மேலும் கீழும் அசைவதற்கு இடம்கொடுத்துப் பக்கவாட்டு மடங்கலை மட்டும் கட்டுப்படுத்துவதால் ஓடுவதற்கு ஏற்றது. அதை வாங்கும்போது ஓடும் ஷூவையும் கடைக்குக் கொண்டுசெல்வது நல்லது, ஏனெனில் பிரேஸோடு சேர்த்துப் பார்க்கும்போது பலருக்கும் அரை அளவு பெரிய ஷூ தேவைப்படும். வெறுங்காலின் மேல் அணியாமல் காலுறைக்கு மேலே அணிய வேண்டும். விளையாட்டு டேப் ஒட்டத் தெரிந்தவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஆயினும் வியர்வையிலும் அசைவிலும் அதன் இறுக்கம் அரைமணி நேரத்துக்குள் கணிசமாகத் தளர்ந்துவிடும், பிரேஸின் கயிற்றையோ வழியில் நின்று மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம்.

பிரேஸ் அணிவதோடு வேலை முடிந்துவிட்டதாகக் கருதுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. சுளுக்கிய கணுக்காலில் நார் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் திறனும் மங்குகிறது. அந்தத் திறனை மீட்பது சமநிலைப் பயிற்சி. ஆடும் பலகை என்று விற்கப்படும் சிறு வட்டப் பலகை இதற்கு உதவும் மிக எளிய கருவி. மறு சுளுக்கைக் குறைப்பதில் இத்தகைய பயிற்சிக்கு நல்ல சான்று இருக்கிறது. பலகை இல்லாதவர்கள் ஒற்றைக் காலில் நின்று, பிறகு கண்ணை மூடி நின்று, பிறகு மடித்த தலையணையின் மேல் நின்று அதே பயிற்சியைச் செய்யலாம். பிரேஸ் ஓடும் நேரத்துக்கு, பலகை ஓடாத நேரத்துக்கு என்று இரண்டையும் சேர்த்தே நான் பரிந்துரைக்கிறேன்.

புதிதாகச் சுளுக்கிய காலில் பிரேஸை மாட்டிக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்வது பெரும் தவறு. முதலில் எலும்பு முறிவு இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதற்கென்று கனடாவின் ஒட்டாவா நகரில் உருவாக்கி 1992-ல் வெளியிடப்பட்ட விதிகள் உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பின்பற்றப்படுகின்றன. கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் நுனியையோ அவற்றின் பின்விளிம்பில் கடைசி 6 சென்டிமீட்டரையோ அழுத்தினால் வலித்தாலும், பாதத்தின் வெளிவிளிம்பில் சிறுவிரலுக்குப் பின்னே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் அடியிலோ பாதத்தின் உட்புறம் வளைவுக்கு மேலே இருக்கும் படகெலும்பிலோ அழுத்தும்போது வலித்தாலும், காயம்பட்டவுடனும் பரிசோதனையின்போதும் 4 அடிகள் எடுத்துவைக்க முடியாமல் போனாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். காட்டுக்குள் ஓடும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைத்திருந்தால், துணையாக ஓடுபவருக்கு அடிபடும்போது எதைச் செய்வது என்று தடுமாற வேண்டியிருக்காது.

சுளுக்குக்கு அடுத்தபடியாகக் கைக்கு வருவது ஐஸ் பை. ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்திவைத்தல் என்ற நான்கு சொல் வாய்பாட்டை 1978-ல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மெர்கினே, 2014-ல் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வீக்கமும் அழற்சியும் குணமாதலின் முதற்படி என்பதே அதற்குக் காரணம். என் மதிப்பீட்டில் ஐஸ் பை முதல் சில மணி நேரங்களில் வலியை மரத்துப்போகச் செய்யும் ஒரு வசதி. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. துணியில் சுற்றாமல் நேரடியாகத் தோலில் வைத்துத் தோலைக் கெடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதே இடத்துக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி கலந்த ஜெல் கூடுதல் மதிப்புள்ளது: சுளுக்கு, தசைப்பிடிப்பு போன்ற புதிய காயங்களில் அது வலியைக் குறைப்பதற்கு நல்ல சான்று உண்டு, மாத்திரையோடு ஒப்பிடும்போது இரத்தத்தில் கலக்கும் அளவும் மிகச் சிறிது. வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் மீள்கட்டு, முதலுதவிப் பையில் எப்போதும் இருக்க வேண்டிய எளிய பொருள். ஓரிரு நாள்களில், வலி தாங்கும் அளவுக்குள், கணுக்காலை அசைக்கவும் அதன் மேல் எடை வைக்கவும் தொடங்குவது, நெடுநாள் அசையாமல் கிடப்பதைவிட விரைவில் பாதைக்குத் திருப்பி அனுப்பும்.

ஊன்றுகோல்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் பலர் அவற்றை முதியவர்களின் பொருளாகவோ போட்டி வீரர்களின் பொருளாகவோ கருதி ஒதுக்கிவிடுகிறார்கள். மலைப்பாதை ஓட்டத்தின் உண்மையான சோதனை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. இறங்கும்போது முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே சுருங்கி உடலுக்குத் தடை போடுகின்றன. இத்தகைய சுருக்கம் தசையிழைகளில் நுண்சேதத்தை உண்டாக்குவதால், ஓடி முடித்த நாளைவிட அதன் பிறகு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தொடை வலி உச்சத்தை அடைகிறது. மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளும் நாள் அதுவே. முழங்கால் சில்லுக்குப் பின்னால் வரும் வலியும் இறக்கத்தில்தான் தலைகாட்டும். செங்குத்தான சரிவில் ஊன்றுகோல்களோடு நடந்து இறங்கும்போது முழங்கால் மூட்டின் மேல் விழும் விசை ஏறத்தாழ 12 முதல் 25 சதவீதம் வரை குறைவதை உயிரியக்கவியல் ஆய்வு ஒன்று அளந்து காட்டியிருக்கிறது. முழங்கால் பட்டை எதுவும் இவ்வளவு சுமையைக் குறைத்ததாக நான் படித்ததில்லை. மலையேறியவர்களிடம் செய்த சோதனையிலும் ஊன்றுகோல் வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் தசைவலி குறைவாக இருந்தது.

ஊன்றுகோலில் நான் பார்ப்பது மூன்று. மடித்துப் பையில் செருகும்படி இருக்க வேண்டும், இறக்கத்தில் சற்று நீட்டிக்கொள்ள முடிய வேண்டும், கைப்பட்டை மணிக்கட்டில் சுற்றிச் சிக்காமல் கீழே விழும்போது கையை விடுவிக்க வேண்டும். நீட்டவே முடியாத இலகுவான வகை, ஏற்றத்துக்கு ஏற்றபடி அளவிட்டு வாங்கினால் இறக்கத்தில் குட்டையாகிப்போகிறது; முழங்கால் வலிக்காக வாங்குபவர்கள் அதைத் தவிர்க்கலாம். வேகமாக ஓடி இறங்கும்போது ஊன்றுகோல் தடுக்கி விழவைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நடக்கும் சரிவுகளுக்கே அது உரியது. இறக்கத்தின் தசைவலிக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு, அது விலையில்லாதது. ஒரு முறை மிதமான இறக்கத்தில் ஓடிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையால் அவ்வளவாகச் சேதமடைவதில்லை. பெரிய மலை ஓட்டத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் சிறிய இறக்கங்களில் ஓடிப் பழகுபவர், எந்தத் தைலமும் தர முடியாத பாதுகாப்பைப் பெறுகிறார்.

ஷூக்களைப் பற்றிய விளம்பரங்களே மிகப் பெரிய வாக்குறுதிகளைத் தருகின்றன, ஆகையால் அவற்றைக் கடுமையாகவே சோதிக்க வேண்டும். பாதத்தின் வளைவைப் பார்த்து, தட்டைப் பாதத்துக்கு ஒரு வகை, உயர்ந்த வளைவுக்கு இன்னொரு வகை என்று ஷூ பரிந்துரைக்கும் முறை இன்றும் பல கடைகளில் உண்டு. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைப்பிரிவு ஆகியவற்றின் புதுப் பயிற்சியாளர்களிடம் இதைச் சோதித்தபோது, வளைவைப் பார்த்து ஷூ தந்தவர்களுக்கும் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ தந்தவர்களுக்கும் காய விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஷூவின் அடிப்பாகத்தில் உள்ள மெத்தையைப் பொறுத்தவரை, லக்சம்பர்க்கில் 800-க்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் நடந்து 2020-ல் வெளியான சோதனையில், கடினமான அடிப்பாகம் கொண்ட ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் அதிகமாக நேர்ந்தது. அது மலைப்பாதைக்கென்று செய்யப்பட்ட சோதனை இல்லை என்பதால் அதை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. மிக உயரமான மெத்தை, கணுக்காலைத் தரையிலிருந்து உயர்த்தி, நீண்ட நெம்புகோல்போல அது எளிதில் மடங்கச் செய்கிறது என்பதால், கரடுமுரடான பாதைக்கு நடுத்தர உயரத்தையே நான் தேர்ந்தெடுக்கிறேன். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டில் ஒரே ஒரு பொது விதியை நம்பலாம்: வேறுபாடு குறையக் குறைய கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் அதிகச் சுமையை ஏற்கின்றன, கூடக்கூட அந்தச் சுமையில் ஒரு பங்கு முழங்காலுக்கு மாறுகிறது. எனவே குதிநாண் வலி உள்ளவர் தட்டையான ஷூவுக்குத் திடீரென மாறுவது தன் வலியைத் தானே வளர்ப்பதாகும். ஈரப் பாறைக்கும் சேற்றுக்கும் அடிப்பிடிப்பு வேறு வேறாக வேண்டும். வழுக்கி விழுவதும் காயமே என்பதால், மெத்தையைவிட அடிப்பிடிப்பைப் பார்த்து வாங்குங்கள். இன்சோல்களுக்கு நான் தருவது அரைப் பரிந்துரைதான்: முழங்கால் சில்லு வலியிலும் குதிகால் வலியிலும் சிலருக்குச் சில வாரங்கள் ஆறுதல் தருகின்றன, அளவெடுத்துச் செய்ததற்கும் கடையில் கிடைக்கும் ஆயத்த வகைக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை.

கொப்புளம் சிறியது என்று நினைப்பவர்கள் நீண்ட தூரம் ஓடியதில்லை. கொப்புளத்துக்கு அஞ்சிப் பாதத்தை வேறு மாதிரி வைக்கத் தொடங்குபவருக்கு முழங்காலிலும் இடுப்பிலும் வலி தொடங்கிவிடும். இங்கே வெற்றி பெறுவது மிக எளிய பொருள்: மருந்துக்கடைகளில் கட்டு ஒட்டப் பயன்படும் சாதாரணக் காகித டேப். பல நாள்கள் நடக்கும் நெடுந்தூர ஓட்டங்களில் அதைச் சோதித்தபோது, ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. பாதம் உலர்ந்திருக்கும்போது, வழக்கமாக உரசும் இடத்தில் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். சிறு கல்லும் மணலும் ஷூவுக்குள் புகாமல் தடுக்கும் கணுக்கால் உறையும் மதிப்புள்ள பொருள். இறக்கத்தில் விரல்கள் முன்னே இடித்து நகம் கறுப்பதற்கு எந்த ஜெல் தொப்பியும் வேண்டாம். ஷூவின் மேல்நுனித் துளையில் கயிற்றை வளையமாகக் கோத்துக் குதிகாலைப் பின்னால் பிடித்துவைத்தாலே பெரும்பாலும் போதும்.

ஃபோம் ரோலர், மசாஜ் துப்பாக்கி, இறுக்கக் காலுறை, வண்ண டேப் ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் மதிப்பிட்டுவிடலாம். உருளையும் துப்பாக்கியும் தசையைச் சிறிது நேரத்துக்கு இளக்கமாக உணரவைத்து, அசைவின் எல்லையை அப்போதைக்குச் சற்றே கூட்டுகின்றன. காலுறை ஓட்டத்துக்குப் பிந்தைய வலியுணர்வைச் சிலருக்கு ஓரளவு குறைக்கிறது. வண்ண டேப்பின் பயன் பெரும்பாலும் உணர்வளவிலேயே நிற்கிறது. காயத்தைத் தடுப்பதாக இவற்றுள் ஒன்றுக்கும் நம்பத்தக்க சான்று இல்லை. உருளையைத் தொடையின் வெளிப்பக்கம் வைத்துக் கண்ணீர் வரும்வரை அழுத்துபவர்களுக்கு மட்டும் ஒரு சொல். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை ஓடும் அந்தத் தடித்த பட்டை, உருட்டி நீட்டக்கூடிய தசை இல்லை. முழங்கால் சுமார் 30 பாகை மடங்கும் நிலையில் அது வெளிப்புற எலும்பு முனையை அழுத்துவதால்தான் அங்கே வலிக்கிறது. நீண்ட இறக்கங்களைச் சில வாரங்கள் குறைத்து, இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளை வலுவாக்கி, இறக்கத்தில் காலடிகளைக் குட்டையாக வைப்பதே அதற்கு வழி.

முழங்கால் பட்டைகளுக்கும் இதே தீர்ப்பைச் சற்று மென்மையாக வழங்கலாம். சில்லுக்குக் கீழே கட்டும் மெல்லிய பட்டை, ஓடும் நேரத்தில் சிலருக்கு வலியைத் தணிக்கிறது; பயிற்சியைத் தொடர அது துணைசெய்யுமானால் தற்காலிகமாகப் பயன்படுத்துவதில் தவறில்லை. எனினும் முழங்காலின் சுமையைக் குறைக்க அதைவிட உறுதியான ஒரு வழி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை வழக்கத்தைவிட 5 முதல் 10 சதவீதம் கூட்டுவது. வேகத்தைக் கூட்டாமல் அடிகளை மட்டும் நெருக்கமாக வைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலும் இடுப்பும் உள்வாங்கும் விசை குறைகிறது. கைக்கடிகாரத்தின் தாளமணி அதற்குப் போதுமான கருவி.

இவ்வளவு பொருள்களுக்கும் நடுவே, வாங்கும் பணத்துக்கு மிகப் பெரிய பலனைத் தருவது எது என்று என்னைக் கேட்டால், கையில் பிடிக்கும் ஒரு எடைக்கட்டியும் ஒரு மீள்பட்டையும் என்றே சொல்வேன். பல விளையாட்டுகளைச் சேர்ந்த 25 சோதனைகளை, 26,610 பேரின் தரவுகளோடு தொகுத்து 2014-ல் வெளியான ஆய்வில், வலுப் பயிற்சி செய்தவர்களின் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்திருந்தன. தசையை நீட்டும் பயிற்சிக்கு அத்தகைய பலன் எதுவும் தெரியவில்லை. குதிநாண் வலிக்கு, படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியை, ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரெட்சனும் அவருடைய குழுவினரும் 1998-ல் விவரித்தார்கள்: ஒவ்வொன்றிலும் 15 முறையாக 3 சுற்றுகள், நாளுக்கு இரு வேளை, 12 வாரங்கள். முதுகுப்பையில் எடை சேர்த்துக்கொண்டே போவது அதன் உயிர்நாடி. காலையில் படுக்கையைவிட்டு இறங்கும் முதல் அடிகளில் குத்தும் குதிகால் வலிக்கு, கால்விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து மெதுவாகக் குதிகாலை உயர்த்தும் கனமான பயிற்சி, மூன்று மாத அளவில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட நல்ல பலனைத் தந்திருக்கிறது. இரவுநேரக் கட்டு, குதிகால் கிண்ணம் ஆகியவற்றை வாங்குவதற்கு முன் இதைத் தொடங்குங்கள். நாண் வலுப்பெறுவதற்கு மாதங்கள் ஆகும். மூன்றாவது வாரத்தில் மனம் தளர்ந்து அடுத்த கருவியைத் தேடிப் போகிறவர்களே விற்பனையாளர்களின் நிரந்தர வாடிக்கையாளர்கள்.

ஓட்டக் கைக்கடிகாரத்தையும் காயத்தடுப்புப் பொருளாகவே கருதுகிறேன், ஆனால் அது வாரந்தோறும் காட்டும் சுமை எண்ணுக்காக இல்லை. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்ற அறிவுரை எங்கும் ஒலிக்கிறது. 2008-ல் புதிய ஓட்டக்காரர்களிடம் அதைச் சோதித்தபோது, அப்படிப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் காயம் ஏற்பட்டது. 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரத் தரவுகளைக் கொண்டு 2025-ல் வெளியான ஆய்வு, ஆபத்து வேறிடத்தில் இருப்பதைக் காட்டியது: கடந்த 30 நாள்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட, ஒரே ஓட்டம் 10 சதவீதத்துக்கு மேல் நீளும்போது காய வாய்ப்பு உயர்கிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூட்டத்தோடு உற்சாகமாகக் கிளம்பிப் பழக்கமில்லாத தூரம் செல்லும் ஓட்டமே கண்காணிக்கப்பட வேண்டியது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். மலைப்பாதையில் தூரத்தோடு இறங்கிய மீட்டர்களையும் இதே கண்ணோடு பார்ப்பது அறிவுடைமை. பெரும்பாலான கடிகாரங்கள் அந்த எண்ணைத் தனியே பதிவுசெய்கின்றன; அதைப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

வலிநிவாரண மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்னும் நடுவிலும் விழுங்கும் வழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. நீர் வற்றிய உடலில், சேதமடைந்த தசையிலிருந்து கழிவுகள் இரத்தத்தில் கலக்கும் வேளையில், அது இரட்டைச் சுமையாகிறது. 80 கிலோமீட்டர் ஓட்டங்களில், 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களையும் போலி மாத்திரை எடுத்துக்கொண்டவர்களையும் ஒப்பிட்டு 2017-ல் வெளியான சோதனையில், முதல் பிரிவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும் இரண்டாம் பிரிவில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கும் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகள் காணப்பட்டன. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பவர்களிடம் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைவதற்கும் இம்மாத்திரைகள் துணைபோகலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓடும்போது வலியை அடக்கும் மாத்திரை, எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒரே அறிகுறியைப் பறித்துவிடுகிறது.

அந்த அறிகுறியைப் பறிகொடுக்கவே கூடாத காயம், திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் விரிசல் விடும் அழுத்த முறிவு. முன்காலின் உட்பக்கம் நீளமாகப் பரவும் வலி பெரும்பாலும் எலும்பை ஒட்டிய எரிச்சலாக இருக்கும். ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே விரலால் சுட்டிக்காட்டக்கூடிய இடத்தில் அழுத்தினால் துடிக்கும் வலி, ஓட ஓடக் கூடும் வலி, இரவில் படுத்திருக்கும்போதும் விடாத வலி ஆகியவை வேறு கதை. பாதத்தின் படகெலும்பிலும், தொடையெலும்பின் கழுத்திலும், கணைக்கால் எலும்பின் முன்பக்கத்திலும் வரும் முறிவுகள் எளிதில் சேராதவை. இடுப்பின் முன்மடிப்பில் ஆழமான வலி இருந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இத்தகைய முறிவுகளுக்குப் பின்னால் பல வேளைகளில் போதாத உணவு இருக்கிறது. ஓடும் அளவுக்கு ஏற்ற ஆற்றல் உடலுக்குக் கிடைக்காத நிலையை, 2014 முதல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு தனியே பெயரிட்டு எச்சரித்துவருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் அதன் முக்கிய அடையாளம். ஆண்களுக்கும் அந்நிலை வரும். மெத்தை வைத்த ஷூவும் கால்சியம் பானமும் அந்தக் குறையை ஈடுகட்டா.

இறுதியாக, கடையில் வாங்க முடியாத சேவையான பிசியோதெரபியைப் பற்றி. இரண்டு மூன்று வாரங்களில் குறையாத வலிக்கு, அடுத்த பொருளை வாங்குவதைவிட ஓட்டக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பதே சிக்கனம். அங்கே கிடைக்கும் சேவையையும் மேற்சொன்ன அளவுகோலாலேயே அளக்கலாம். நல்ல சிகிச்சையாளர் முதல் சந்திப்பிலேயே கடந்த சில வாரங்களில் ஓடிய தூரம், இறக்கம், தூக்கம், உணவு ஆகியவற்றை விசாரிப்பார். ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழவும் குதிகாலை உயர்த்தவும் சொல்லி இரு கால்களையும் ஒப்பிடுவார். முழுதாக ஓய்வெடுக்கச் சொல்லாமல் எவ்வளவு வலிவரை ஓடலாம் என்று வரையறுத்துச் சொல்வார். வந்தவரைப் படுக்கவைத்து அல்ட்ராசவுண்ட் கருவியை மட்டும் தேய்த்து அனுப்பும் இடங்களும் உண்டு. கணுக்கால் சுளுக்கில் அக்கருவிக்குக் குறிப்பிடத்தக்க பயன் இருப்பதாகச் சோதனைகள் காட்டவில்லை. வாரத்துக்கு வாரம் எடை எப்படிக் கூடும், எந்த அடையாளத்தைக் கண்டால் இறக்கத்தில் மறுபடி ஓடலாம் என்று எழுதிய பயிற்சி அட்டவணையை இரண்டாவது சந்திப்புக்குள் தராத இடத்துக்கு நான் மூன்றாம் முறை செல்வதில்லை.